மூன்று சொட்டுத் தீர்த்தம்

"எங்க தெருவுக்கும் குவார்ட்டர்ஸ் குழாய்த் தண்ணிய வுடுங்க சார்."

மைக்கிலேயே கேட்டுவிட்டாள் ஏஞ்சல். கேட்கவே கூடாது என்று அவள் அம்மா ஞானம்மா எட்டு வருடமாகச் சொல்லி வைத்திருந்த ஒரே விஷயம் அது. ஜெபத்தில் தூங்கலாம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் உட்கார்ந்து அம்மாவுக்கே பாடம் நடத்தலாம். இதை மட்டும் கேட்கக் கூடாது. அதிலும் கம்பெனி ஆபீசர் காதில் விழவே கூடாது.

ஆபீசர் காதில் நன்றாகவே விழுந்தது. மேடையில் சாமியாருக்கு அடுத்த நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். பெயர் அன்புசெல்வன். கம்பிக் கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆபீசர். இஸ்திரி கலையாத சட்டை, அதைவிடக் கலையாத சிரிப்பு.

"இது ஆன்மிக நிகழ்ச்சிமா. இங்க வந்து தண்ணி, ரோடுன்னு பேசக் கூடாது" என்றார்.

கூட்டம் கை தட்டியது. தண்ணீர் கேட்டவளுக்கு ஒரு தட்டும் இல்லை. தர மாட்டேன் என்றவருக்குத்தான் அத்தனையும். ஞானம்மா மகளின் இடுப்பைக் கிள்ளி இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் முதுகுப்பக்கம் இருக்கிறது பள்ளத்தெரு. அறுபத்து மூன்று வீடுகள். தாத்தா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டார்கள். இப்போது அடுத்தவர் பட்டறையில் கம்பி இழுக்கிறார்கள். பாதி வீடுகளில் பவானியம்மன் படம், பாதி வீடுகளில் இயேசு படம், எல்லா வீடுகளிலும் சொறி.

தெருவின் ஒரு பக்கம் முழுக்கக் கம்பெனி மதில். உள்ளே ஒரு குழி உண்டு. துரு போகக் கம்பியை ஆசிட்டில் முக்கிக் கழுவிய தண்ணீர் அதில்தான் விழும். அங்கிருந்து அது எங்கே போகிறது என்று கேட்டால், "எங்கயும் போகாது" என்பார்கள். தெருவில் வரிசைக்கு ஒரு பம்பு. எதில் அடித்த தண்ணீரும் குடத்தில் அரைமணி நேரம் இருந்தால் ஆரஞ்சு நிறமாகும். எங்கேயும் போகாத தண்ணீர் எப்படியோ வழி கேட்டு வந்துவிடுகிறது.

அதே மதிலுக்கு அந்தாண்டை ஆபீசர் குவார்ட்டர்ஸ். அங்கே மட்டும் எங்கோ தூரத்து ஏரியிலிருந்து தனிக் குழாயில் தண்ணீர், கண்ணாடி மாதிரி. ஞானம்மாவுக்கு அங்கே பெருக்குகிற வேலை, கான்ட்ராக்டில். வேலை முடிந்து வரும்போது இரண்டு காலி பினாயில் கேன்களைக் கழுவு கழுவென்று கழுவி அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வருவாள். வாட்ச்மேனும் பினாயில் என்றே நினைத்தார். தெருவும் அப்படியே நினைத்து, "ஞானம்மா கம்பெனி பினாயில அட்ச்சிக்கினு வந்து விக்குது" என்று பேசிக்கொண்டது. திருடி என்ற பெயரை ஞானம்மா சந்தோஷமாகவே சுமந்தாள். தண்ணீர் என்று தெரிந்தால் எல்லாரும் கேட்பார்கள். எல்லாரும் கேட்டால் குழாயை மூடிவிடுவார்கள், வேலையையும் சேர்த்து. எட்டு வருடமாக அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தான் ஏஞ்சல். எதிர்வீட்டுக் கல்பனா தன் ஆறு வயது மகள் பூமிகாவின் வயிற்றைத் தடவிக்கொண்டே, "உனக்கு மட்டும் எப்டிடி வயித்து வலியே வர்றதில்ல?" என்று கேட்கும்போதெல்லாம் ஏஞ்சல் போனைப் பார்ப்பாள்.

இந்தத் தெருவுக்குத்தான் வந்து சேர்ந்தார் அந்த மேடைச் சாமியார், தெளிவுசாமி.

ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவர், இரண்டாவது வாரமே கம்பெனி வேனில் வந்தார். தெருமுனையில் பந்தல் முளைத்தது. பின்னால் கட்டிய மஞ்சள் துணி காற்றில் புரளும்போது அதன் மறுபக்கம் 'பாதுகாப்பே முதல் கடமை' என்று கம்பெனி விழா எழுத்து தெரியும். யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் சாமியின் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ பறந்தது. செவ்வாப்பேட்டையிலிருந்து ரயில் மாறி வந்தார்கள். பெரியபாளையத்துக்கு வேண்டுதலோடு கிளம்பியவர்கள், அம்மன் எங்கேயும் போய்விட மாட்டாள் என்று இங்கே ஒரு எட்டு வந்துவிட்டுப் போனார்கள். காணிக்கைக்கு வேப்ப மரத்தில் க்யூ.ஆர். கோடு ஒட்டியிருந்தது. அதற்கும் குங்குமம் வைத்திருந்தது.

சாமியின் வைத்தியம் எளிது. அவரவர் வீட்டுக் குடிதண்ணீரைக் கொண்டுவர வேண்டும். அதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுவார். மஞ்சளாக ஒரு தீர்த்தம், அதில் மூன்று சொட்டு விடுவார். கூட்டம் பதினாறு வரை எண்ண வேண்டும். பதினாறு முடிவதற்குள் தண்ணீர் ஊதாவாகி, சாம்பலாகி, மை மாதிரிக் கறுத்துவிடும்.

"செய்வினை. உன் ஊட்ல எவனோ வெச்சிட்டான்" என்பார் சாமி.

யார் வைத்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "மதிலுக்கு இந்தாண்ட இருக்குற கைதான்" என்பார். அதோடு சரி. மிச்சத்தை ஜனங்கள் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வீடா, எதிர் வீடா, நாத்தனாரா என்று மூன்று வாரத்தில் தெருவில் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

பரிகாரமும் அங்கேயே உண்டு. மந்திரித்த எலுமிச்சையைக் கறுத்த டம்ளரில் பிழிந்தால் கறுப்பு கரைந்து தண்ணீர் தெளியும். "குடி, போச்சு" என்பார். குடிப்பார்கள். செய்வினையின் கனத்தை ஒரு நீள நோட்டில் வீட்டு எண் போட்டுக் குறித்துக்கொள்வார். லேசாகக் கறுத்தால் ஒரு புள்ளி, நன்றாகக் கறுத்தால் இரண்டு, தார் மாதிரி என்றால் மூன்று. எத்தனை புள்ளியோ அத்தனை வாரம் பரிகாரம்.

"யக்கா, உனுக்கு எத்தினி புள்ளி?"

"மூணு."

"எனுக்கு ரெண்டுதான் போட்டாரு" என்று கேட்டவள் முகம் தொங்கிப்போவாள். செய்வினையிலும் அடுத்த வீட்டுக்காரிக்குத் தன்னைவிட அதிகம் வைத்துவிட்டார்களே என்ற வருத்தம்.

சாமி வருவதற்கு முன்னால் ஏஞ்சல் வீடு வீடாக ஏறி, தண்ணீருக்காக ஒரு மனு எழுதி நாற்பது கையெழுத்து வாங்கியிருந்தாள். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் திருவள்ளூரில் கொடுப்பதாக ஏற்பாடு. இப்போது ஒவ்வொருவராக வந்து, "எம் பேர அட்ச்சிடுமா" என்றார்கள்.

"இன்னாத்துக்கு?"

"செய்வினைக்கு கலெக்டர் இன்னாமா பண்ணுவாரு? மாத்திரையா குடுப்பாரு?"

நாற்பது கையெழுத்தில் மிஞ்சியது இரண்டு. ஒன்று அவளுடையது. இன்னொன்று டீக்கடை சரவணன் போட்டது. அவன் கடையை விட்டு நகர முடியாததால் அடிக்க வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு ஞானம்மாவையும் விடவில்லை. எல்லா வீடும் பார்த்தாகிவிட்டது, உன் வீடு மட்டும் என்ன என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் வீட்டுக் குடத்திலிருந்து மொண்டு கொண்டுபோனாள். மூன்று சொட்டு விழுந்தது. கூட்டம் பதினாறு எண்ணியது. பிறகு முப்பத்திரண்டு எண்ணியது. தண்ணீர் கறுக்கவில்லை.

சாமியே ஒரு நிமிடம் திகைத்தார். அப்புறம் அவர் தொழில் அவரைக் காப்பாற்றியது.

"எல்லார் ஊட்லயும் வெச்ச கை, தன் ஊட்ல மட்டும் வெச்சிக்காது."

அவ்வளவுதான். ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஞானம்மா சூனியக்காரி ஆனாள். பம்படியில் அவளைப் பார்த்ததும் குடங்கள் விலகின. கல்பனா தன் வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்கையால எத்தினி தடவ சோறு துண்ணிருப்ப. எம் பொண்ணு வயித்துலயா வெச்ச?" என்று கேட்டாள். தீர்ப்பும் வந்தது. அடுத்த ஞாயிறு ஞானம்மா உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, அது அணையும்வரை கையைக் கவிழ்க்காமல் சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் தெருவைக் காலி செய்ய வேண்டும்.

"தண்ணி எங்கேந்து வருதுன்னு சொல்லிட்லாம்மா" என்றாள் ஏஞ்சல்.

"சொல்லிட்டு? வேல போய்டும். குழாய மூடிடுவானுங்க. அப்பறம் நீயும் அந்தப் பம்பு தண்ணிதான் குடிப்ப."

"அதுக்குக் கைய சுட்டுக்குவியா?"

"கைதான? நாலு நாள்ல ஆறிடும்" என்றாள் ஞானம்மா. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்தக் கெமிஸ்ட்ரிப் புத்தகத்திலும் போடவில்லை.

ஆத்திரத்தோடு ஏஞ்சல் போய் உட்கார்ந்த இடம் சரவணன் கடை. அன்று அவனும் ஆத்திரத்தில் இருந்தான்.

"கேன் போட்ற பையன் வர்ல. பம்பு தண்ணில டீ போட்டேன். பாரு இந்தப் பேஜார, ரோட்டுக்கு ஊத்தலாம் போல கீது."

டம்ளரில் தார் மாதிரி ஒரு திரவம். பால் ஊற்றாத டிகாஷன். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பம்புத் தண்ணீரில் டீ போட்டால் கறுத்துப்போகும் என்று பள்ளத்தெருவில் பால்குடி மறந்த எல்லாருக்கும் தெரியும். குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பது பம்புத் தண்ணீர், விருந்தாளிக்கு டீ போடுவது கேன் தண்ணீர் என்பது தெருவின் வழக்கம். டீ கெட்டுவிடக் கூடாது பாருங்கள்.

ஏஞ்சல் அந்த டம்ளரையே பார்த்தாள். பிறகு லெமன் டீக்கு வைத்திருந்த எலுமிச்சையில் ஒரு மூடியை எடுத்துப் பிழிந்தாள். போதவில்லை. இன்னொரு மூடி. கறுப்பு மெல்ல மெல்லக் கழன்று போனது.

"இன்னா பண்ற?" என்றான் சரவணன்.

"சாமியார் ஆயிட்டேன்" என்றாள் ஏஞ்சல். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூன்று வருடம் பொன்னேரிக்கு ரயிலில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தது கண்ணெதிரே டம்ளரில் நின்றபோதுகூட, ஒரு டீக்கடைக்காரன் திட்டித்தான் அவளுக்கு உறைத்தது.

நான்காம் ஞாயிறு. மகாமகக் கூட்டம். டம்ளர் கறுப்பதைப் பார்த்துச் சலித்தவர்கள்கூட, ஒரு பெண்பிள்ளை கை வேகுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். தட்டில் கற்பூரம் தயார். ஞானம்மா தலையில் முக்காட்டோடு, காலடியில் பினாயில் கேனோடு உட்கார்ந்திருந்தாள். அன்று காலையும் வேலைக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தாள்.

"கைய நீட்டு" என்றார் சாமி.

"அம்மா நீட்டும் சாமி" என்று மேடையேறினாள் ஏஞ்சல். இந்தத் தடவை குரலில் தேன். "அதுக்கு முன்ன ஒரே ஒரு டம்ளர். நம்ம ஆபீசர் சார் ஊட்டுத் தண்ணிய நீங்க பாக்கவே இல்லியே. நமக்காகப் பந்தல் போட்டுக் குடுத்தவரு. அவுருக்கு எவனாச்சும் வெச்சிருந்தா நமக்கு மனசு கேக்குமா?"

கேட்காது, கேட்காது என்றது கூட்டம். அன்புசெல்வன் சிரித்தார். அவர் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா? "பாருங்க சாமி, பாத்துடுங்க" என்றார்.

ஏஞ்சல் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றினாள். மூன்று சொட்டு. கூட்டம் எண்ணியது. பதினொன்றிலேயே கறுத்துவிட்டது.

அன்புசெல்வனின் சிரிப்பு முதல் தடவையாகக் கசங்கியது. சாமி அவரைப் பார்த்தார். அவர் சாமியைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் டம்ளர் மூன்று புள்ளிக்கு நின்றது.

"பெரிய எடத்து மேலதான் நாலு பேரு கண்ணும்" என்று இழுத்தார் சாமி. "எதிரி பலமான ஆளு."

"அய்யோ பாவம் சாரு" என்றது ஒரு குரல்.

"பாவந்தான்" என்றாள் ஏஞ்சல். "ஆனா அது சார் ஊட்டுத் தண்ணி இல்ல. நம்ம பம்புல காலைல நான் புடிச்சது. சாமி ஞானக்கண்ணுல கண்டுபுடிச்சிடுவாருன்னு பயந்துக்கினே வந்தேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பந்தலில் அது நல்ல சகுனம்.

"இப்ப நான் சாமி. சரவணா, அந்தத் தீர்த்தத்த எட்தா."

சரவணன் கடை டம்ளரோடு வந்தான். கேன் தண்ணீரில் போட்ட வெறும் டிகாஷன். அவள் இன்னொரு டம்ளரில் பம்புத் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு கரண்டி விட்டாள். எண்ணுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டமே எண்ணியது. கறுத்தது.

"டீத்தூளுக்கு எப்படா மந்திரம் சொன்ன?" என்று கேட்டாள்.

"பாக்கெட்டு பிரிக்கச்சொல்லோ தும்முனேன். அதுவாத்தான் இருக்கும்" என்றான் சரவணன்.

மந்திரிக்காத எலுமிச்சையைப் பிழிந்தாள். தெளிந்தது. அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, சாமியின் முன்னால் பயபக்தியோடு நீட்டினாள்.

"தோஷம் போச்சு சாமி. ஒரு மடக்கு குடிங்க."

சாமி குடிக்கவில்லை. அவருடைய கால் மட்டும் நாற்காலிக்குக் கீழே இருந்த கேன் தண்ணீரை உள்ளே தள்ளியது. அதை முன்வரிசை முழுக்கப் பார்த்தது.

"தண்ணில இரும்பு கீது. டீத்தூளோ, கடுக்காயோ எது பட்டாலும் கறுக்கும். எலுமிச்ச ஊத்துனா கறுப்பு போவும், இரும்பு போவாது. இரும்போட கூட வேற இன்னா இன்னா வருதுன்னு லேப்ல குடுத்தாத்தான் தெரியும்" என்றாள் ஏஞ்சல்.

கல்பனா எழுந்து நின்றாள். "எம் பொண்ணு மூணு வாரம் குடிச்சிதே, இவுரு பிழிஞ்சி குடுத்தத" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். பிறகு சட்டென்று திரும்பினாள். "இருக்கட்டும். அப்ப ஞானம்மா தண்ணி மட்டும் எதுக்குக் கறுக்கல?"

அதைச் சொன்னால் அம்மாவின் வேலை போகும். எல்லாவற்றுக்கும் தயாராக வந்த ஏஞ்சல் இதற்கு மட்டும் தயாராகவில்லை. அன்புசெல்வனின் சிரிப்பு மெல்ல இஸ்திரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தாள்.

ஞானம்மா முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். பினாயில் கேனைத் தூக்கி மேடையில் வைத்து, மூடியைக் கழற்றினாள்.

"மோந்து பாருடி. பினாயில் இல்ல. குவார்ட்டர்ஸ் தண்ணி."

"எத்தினி நாளா?"

"எட்டு வருசமா."

"எட்டு வருசமா எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லாம நீங்க மட்டும் குடிச்சீங்களா?"

"ஆமா. சொன்னா மூடிடுவாங்கன்னு பயம். எம் பொண்ணு பொழைக்கட்டும்னு வெச்சிக்கினேன். உம் பொண்ண நெனைக்கல" என்றாள் ஞானம்மா. "அன்னிக்கி மைக்ல எம் பொண்ணு கேட்டுதே, அதத்தான் நான் எட்டு வருசம் முன்னாடியே கேட்டிருக்கணும்."

கல்பனா மேடையேறினாள். கேனிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி, பூமிகாவிடம் கொடுத்தாள். குழந்தை குடித்துவிட்டு, "இனிக்கிது" என்றது. சர்க்கரை ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது.

ஆண்கள் மேடையை நெருங்கினார்கள். சாமி நாற்காலியை விட்டு இறங்கி ஏஞ்சலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பந்தலில் அதுதான் பத்திரமான இடம் என்று அவர் தெளிந்திருந்தார்.

"பேரு துளசிராமன் பாப்பா. தோல் பட்டறைல பதினோரு வருசம். கடுக்காத் தண்ணி இரும்பு பக்கெட்டுல பட்டா கறுக்கும்னு அங்க தெரிஞ்சிக்கினதுதான்" என்றார் தாழ்ந்த குரலில். "ஆனா நான் பொய் சொல்லலியே. தண்ணில கெட்டது கீதுன்னுதான சொன்னேன். கீதா, இல்லியா?"

"கீது. வெச்ச கை எந்தாண்டன்னு மட்டும் மாத்திச் சொன்ன" என்றாள் ஏஞ்சல். "நோட்ட குடு."

கொடுத்தார். அவள் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவளுக்குக் கோபம் போய் ஒரு மரியாதையே வந்துவிட்டது. அறுபத்து மூன்று வீடு. வீட்டு எண், தேதி, புள்ளி. மதிலோரத்து வீடுகளுக்கெல்லாம் மூன்று. நடுவரிசைக்கு இரண்டு. ரோட்டோரத்துக்கு ஒன்று. இவ்வளவு நேர்மையான ஒரு சர்வேயை இந்தத் தெருவில் எந்த அதிகாரியும் எடுத்ததில்லை. ஒரு மோசடிக்காரர் எடுத்திருக்கிறார்.

"இந்தாமா, அந்த நோட்ட குடு. அது கம்பெனி சொத்து" என்று எழுந்தார் அன்புசெல்வன்.

சாமியாரின் நோட்டு எப்படிக் கம்பெனி சொத்து என்று யோசிக்க, பள்ளத்தெருவுக்கு இந்தத் தடவை பதினாறு வரை எண்ணத் தேவைப்படவில்லை. சொன்னவருக்கே இரண்டாவது எண்ணில் புரிந்துவிட்டது. குரலை மாற்றிக்கொண்டார்.

"ஞானம்மா, நாளைக்கு நீ வேலைக்கு வரணுமா வேணாமான்னு உம் பொண்ணாண்ட கேட்டுச் சொல்லு."

ஞானம்மா கழுத்திலிருந்து கம்பெனி அட்டையைக் கழற்றினாள். கற்பூரத் தட்டில் வைத்தாள்.

"நாளைக்கு வர முடியாது சார். திருவள்ளூர் போவணும்" என்றாள். பிறகு மகளிடம், "காலைல ஆறு மணி பஸ்ஸு. பெரியபாளையத்துல மாறணும். எழுந்துக்குவியா, இல்ல உன்ன எழுப்ப ஒரு சாமியார் வரணுமா?"

ஏஞ்சல் நோட்டைப் பையில் வைத்தாள். கறுத்த டம்ளர் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி மூடி, அதையும் வைத்தாள். மேடையை விட்டு இறங்கியபோது முன்வரிசைக்காரர் ஒருவர் கையைப் பிடிக்காத குறையாக வழி மறித்தார்.

"எல்லாம் சரிமா. எனுக்கு மூணு புள்ளி கீதே. அத இப்ப யாரு எடுப்பா?"

"எடுக்காத நைனா. பத்தரமா வெச்சிக்க. நாளைக்கு ஆறு மணிக்கு அதோட வந்து ஒரு கையெழுத்து போடு" என்றாள். "அப்பிடியும் வர மனசில்லன்னா ராத்திரி ஒரு டம்ளர் தண்ணில மூணு சொட்டு டீ வுட்டுப் பாரு. அது கறுக்குற நேரத்துல கொஞ்சம் யோசி. டப்பு கேக்காத ஒரே பரிகாரம் அதுதான்."

சொல்லிவிட்டுப் பந்தலை விட்டு வெளியே நடந்தாள். பையில் பாட்டில்கள் மோதிக்கொண்டன. பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.